சுருதி அறுபடாமல் ஆடியோ சிடி எழுதுவது எப்படி?

என் அத்தை பாடிய ஒரு கச்சேரியின் பதிவு எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் ராகம் தானம் பல்லவி மட்டுமே 62 நிமிடம். அப்பா தன் சிடி பிளேயரில் கேட்கட்டும் என்று அதை ஐந்து டிராக்காகப் பிரித்து எழுதிக் கொடுத்தேன். அத்தை ஆலாபனையை முடித்து வயலின் எடுக்கும் இடத்தில் திடீரென்று இரண்டு விநாடி ஒன்றுமே இல்லை, தம்புராகூட இல்லை. அப்புறம் பாதி மீட்டலில் தம்புரா மறுபடி வருகிறது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பாடுகிறவர் மூச்சு வாங்கலாம், வயலின் ஓயலாம், தம்புரா மட்டும் ஓயாது. அதனால்தான் அது நின்றால் காது உடனே கண்டுபிடித்துவிடுகிறது.

இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சிடியை இரண்டு விதமாக எழுதலாம். 'டிராக் அட் ஒன்ஸ்' முறையில் ஒவ்வொரு டிராக் முடிந்ததும் லேசர் நின்று, அடுத்ததற்குப் புதிதாகத் தொடங்கும். நடுவில் இரண்டு விநாடி மௌனம் விழும். 'டிஸ்க் அட் ஒன்ஸ்' முறையில் முதலிலிருந்து கடைசிவரை லேசர் நிற்காமல் ஒரே மூச்சில் எழுதும். நமக்கு வேண்டியது இதுதான். (முதல் டிராக்குக்கு முன்னால் வரும் இரண்டு விநாடி ஆடியோ சிடியின் விதியிலேயே உள்ளது, அதை விட்டுவிடுங்கள்.)

சரி, வேலையைத் தொடங்கலாம். முதலில் ஃபைல். எம்பி3 துண்டுகளை வைத்து இதைச் செய்யாதீர்கள். எம்பி3 ஆக மாற்றும்போது ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் வாலிலும் கொஞ்சம் வெற்று ஒலி ஒட்டிக்கொள்ளும், அதை எல்லா சாஃப்ட்வேரும் சரியாக வெட்டி எடுப்பதில்லை. கையில் எம்பி3 மட்டும்தான் இருக்கிறது என்றால், வெட்டாத முழு ஃபைலாக எடுத்துக்கொண்டு, அதைத் திறந்து, துண்டுகளை வேவ் ஃபைலாகச் சேமியுங்கள்.

வெட்டுவதற்கு ஆடாசிட்டி போதும், இலவசம். முழுப் பதிவையும் அதில் திறந்து, முதல் காரியமாக ப்ராஜெக்டின் சாம்பிள் ரேட்டை (ஒரு விநாடி ஒலிக்கு எத்தனை சாம்பிள், அதாவது அளவீடு, என்ற எண்) சிடிக்கு உரிய 44100 ஆக்குங்கள். வீடியோ கேமராவில் எடுத்த பதிவுகள் பெரும்பாலும் 48000-ல் இருக்கும், வெட்டிய பிறகு மாற்றினால் ஒட்டும் இடங்கள் கெட்டுப்போகலாம்.

அடுத்ததுதான் பலர் தவறவிடுவது. இடைவெளி போன பிறகும் டிராக் மாறும் இடத்தில் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். சிடியில் ஒரு விநாடி என்பது 75 ஃபிரேம், ஒரு ஃபிரேமுக்கு 588 சாம்பிள். நீங்கள் வெட்டிய துண்டு 588-ஆல் மீதியில்லாமல் வகுபடவில்லை என்றால், கடைசி ஃபிரேமின் மிச்ச இடத்தை சாஃப்ட்வேர் வெறும் பூஜ்யத்தால் நிரப்பிவிடும். விநாடியில் 75-ல் ஒரு பங்குக்கும் குறைவான நேரம்தான், ஆனால் தம்புரா ஓடிக்கொண்டிருக்கும்போது அது நன்றாகவே கேட்கும். இதற்கு மருந்து எளிது: ஆடாசிட்டியில் 'ஸ்னாப்' வசதியை இயக்கி, அளவாக 'சிடிடிஏ ஃபிரேம்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் கர்சர் ஃபிரேம் எல்லையில்தான் போய் நிற்கும்.

எங்கே வெட்டுவது? இதற்கு மட்டும் நிதானமாக நேரம் கொடுங்கள். ராகம், வயலின், தானம், பல்லவி, தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் தனியாக வாசிக்கும் பகுதி) என்று நான் பிரித்தேன். தனி முடியும் இடத்தில் கவனம் வேண்டும். கோர்வை (தனியை முடித்துவைக்கும் தாளக் கணக்கு) முடிந்து பாடகர் பல்லவியை எடுப்பில் (அது தொடங்கும் தாள இடத்தில்) பிடிக்கும் அந்தக் கணத்தில் வெட்டினால், அந்த டிராக்குக்கு நேராகப் போகிறவருக்குக் கோர்வை இல்லாமல் எடுப்பு மட்டும் கிடைக்கும். அதனால் பல்லவியை மறுபடி எடுப்பதையும் தனியோடே சேர்த்து வைத்தேன்.

ஒவ்வொரு டிராக்கும் தொடங்கும் இடத்தில் கர்சரை வைத்து கண்ட்ரோல் பி (Ctrl+B) அழுத்தி லேபிள் போடுங்கள், பதிவின் தொடக்கத்திலும் ஒன்று. முடிந்ததும் 'எக்ஸ்போர்ட்'டில் லேபிள்படி பல ஃபைல்களாகப் பிரிக்கச் சொல்லி, 16 பிட் வேவ் ஆகச் சேமியுங்கள். பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் வரட்டும். ஒலியை மெல்ல ஏற்றி இறக்கும் ஃபேடு எதுவும் போடாதீர்கள்.

இனி எழுதுவது. விண்டோஸ் மீடியா பிளேயரின் பழைய பதிப்பே போதும். 'ஆர்கனைஸ்' மெனுவில் 'ஆப்ஷன்ஸ்', அதில் 'பர்ன்' பக்கம். அங்கே 'பர்ன் சிடி வித்தவுட் கேப்ஸ்' என்பதில் டிக் போடுங்கள். பக்கத்திலேயே ஒலி அளவைச் சமன்படுத்தும் வால்யூம் லெவலிங் இருக்கும், அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது மெல்லிய ஆலாபனையைத் தூக்கி, மிருதங்கம் முழங்கும் தனியைத் தணித்துவிடும், டிராக் மாறும்போது தம்புராவின் ஒலி ஒரு படி ஏறி இறங்கும். வேகத்தையும் குறைத்தே வைப்பது என் வழக்கம். பிறகு வலப்பக்கம் பர்ன் பட்டியலில் ஃபைல்களை வரிசையாக இழுத்துப் போட்டு, 'ஆடியோ சிடி' என்று இருக்கிறதா என்று பாருங்கள். 'டேட்டா சிடி' என்று இருந்தால் இத்தனை பாடும் வீண். லினக்ஸில் கே3பி என்ற சிடி எழுதும் சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்கள் ரைட்டிங் மோடை டிஏஓ (டிஸ்க் அட் ஒன்ஸ்) என்று வையுங்கள். 80 நிமிட சிடி-ஆர் வாங்கினால் என் 62 நிமிடம் போல ஒரு பல்லவி தாராளமாக அடங்கும்.

எழுதி முடித்ததும் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு டிராக்கின் கடைசிப் பத்து விநாடியிலிருந்து அடுத்ததுக்குள் போகும்வரை கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, டிராக் எண் எப்போது மாறியது என்று சொல்ல முடியாவிட்டால் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம். கம்ப்யூட்டரில் சரியாக இருந்து காரிலோ டிவிடி பிளேயரிலோ மட்டும் அறுபட்டால், சிடியில் குறையில்லை. சில பிளேயர்கள் டிராக் மாறும்போது தாமாகவே ஒலியைக் கணநேரம் அடக்கிவிடும். அந்த பிளேயரில்தான் கேட்க வேண்டும் என்றால், பிரிக்காமல் ஒரே டிராக்காக இன்னொரு சிடி எழுதிவிடுங்கள்.