மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்துத் தெரு மெஸ்ஸைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சென்னையில் வேலைக்குப் போகிறவர் மாதத்தில் 22 மதியமாவது வெளியே சாப்பிட வேண்டியிருக்கும். ஒரு சாப்பாட்டில் 40 ரூபாய் கூடினாலே மாதம் 880 ரூபாய் போய்விடும். அதனால் முதலில் கிடைத்த கடையையே பழக்கமாக்கிக்கொள்ளாமல், ஒரு வாரம் ஒதுக்கி நாலைந்து கடைகளைச் சாப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

பத்து நிமிட நடைக்குள் இருக்கும் கடைகள் போதும். பெரிய ரோட்டை விட்டு உள் தெருக்களிலும் பாருங்கள். வாடகை குறைவு என்பதால் மெஸ்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஒரே ஓட்டலில் ஏ.சி. அறைக்கு ஒரு விலை, வெளியே ஒரு விலை என்று இருப்பதும் சகஜம். உட்காருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

நீங்கள் தினமும் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்களோ, அதே நேரத்தில் போய்ப் பார்ப்பதுதான் முக்கியம். 12.15-க்குப் போனால் எல்லாக் கடையும் நல்ல கடைதான்: பொரியல் சூடாக இருக்கும், பரிமாறுபவருக்கும் அவசரம் இருக்காது. ஒன்றிலிருந்து ஒன்றே முக்கால் வரை கூட்டம் நெரியும். இரண்டரைக்கு மேல் பொரியல் தீர்ந்திருக்கும், சாம்பாரில் வெந்நீர் சேர்ந்திருக்கும்.

முதல் நாள் அளவுச் சாப்பாடு வாங்குங்கள். முழுச் சாப்பாட்டில் காசு கூடுவது பெரும்பாலும் சோற்றுக்கும் குழம்புக்கும்தான். இரண்டாம் தடவை சோறு கேட்காதவருக்கு அது நஷ்டம். டோக்கன் எடுக்கும் முன், “அண்ணே, இன்னைக்கு என்ன குழம்பு, என்ன பொரியல்?” என்று கேளுங்கள். மூன்று நாள் கேட்டும் மூன்று நாளும் கோஸ் பொரியல்தான் என்றால், அந்தக் கடை காய்கறியில்தான் மிச்சம் பிடிக்கிறது.

இலையில் எத்தனை வகை என்று எண்ணுவதில் பயனில்லை. ரசம், சாம்பார், அப்பளம் மூன்றையும் கவனியுங்கள். சாம்பாரைக் கலக்கிய பிறகும் பருப்பும் நீரும் பிரிந்தே நின்றால் தண்ணீர் சேர்த்திருக்கிறார்கள். ரசத்தில் புளிப்பு மட்டும் தூக்கலாக இருந்து மிளகு, சீரக வாசனை இல்லையென்றால் பொடியில் சிக்கனம். எண்ணெயைக் காட்டிக்கொடுப்பது அப்பளம்: நிறம் கறுத்து, காறல் வாடை அடித்தால் பழைய எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சுகிறார்கள் என்று பொருள். அப்படிப்பட்ட கடைக்கு மறுநாள் போகாதீர்கள். வெயில் காலத்தில் தேங்காய் அரைத்த கூட்டு பிற்பகலுக்குள் கெட்டுவிடும். லேசாகப் புளித்தாலோ நூல் விட்டாலோ ஒதுக்கிவிடுங்கள். சோறு ஆவி பறக்க வர வேண்டும். ஆறிப்போன சோற்றுக்குச் சூடான குழம்பு பரிகாரம் ஆகாது.

அசைவ மெஸ்களில் வெறும் சாப்பாடு வாங்கினாலே மீன் குழம்பு, கறிக் குழம்பு ஊற்றுகிற கடைகள் உண்டு, துண்டு மட்டும் வராது. குறைந்த செலவில் ருசியாகச் சாப்பிட இதைவிட நல்ல வழி இல்லை. வறுவல் வேண்டுமானால் விலை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். வஞ்சிரம் விலை எப்போதுமே அதிகம், மத்தியும் நெத்திலியும் கைக்கு அடக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் விலை ஏறும், துண்டு சிறுக்கும். அந்த இரண்டு மாதம் முட்டைக்கோ கோழிக்கோ மாறிக்கொள்வது நல்லது.

பார்சல் சாப்பாட்டில் பல மெஸ்களில் சோறு தாராளமாக வைப்பார்கள். சாதாரணமாகச் சாப்பிடும் இருவர் ஒரு பார்சலும் கூடுதலாக ஒரு பொரியலும் வாங்கினால் போதும். கொதிக்கிற சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தந்தால் வாங்காதீர்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. இரண்டு அடுக்குத் தூக்கு ஒன்றை அலுவலகத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பில்லையும் ஒருமுறை பாருங்கள். சாதாரண ஓட்டல்களில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதாவது 120 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 6 ரூபாய். காம்போசிஷன் திட்டத்தில், அதாவது மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைக் கடையே வரியாகக் கட்டும் திட்டத்தில் இருக்கும் சிறு கடைகள் வரியைத் தனியாகச் சேர்த்து வாங்கக் கூடாது. பில்லில் ஜி.எஸ்.டி. எண்ணே இல்லாமல் வரி மட்டும் இருந்தால் கேளுங்கள்.

மாத டோக்கன் புத்தகம் வாங்கினால் விலை குறையும். ஆனாலும் எடுத்த எடுப்பில் 30 டோக்கன் வாங்க வேண்டாம், பத்து போதும். விடுப்பு எடுத்த நாளின் டோக்கன் அடுத்த மாதம் செல்லுமா, இடையில் விலை ஏறினால் பழைய டோக்கனுக்குக் கூடுதல் பணம் கேட்பார்களா என்று பணம் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள்.

மாதக் கடைசியில் கை வறண்டால் அம்மா உணவகம் இருக்கிறது. 2013-இல் தொடங்கியபோது வைத்த விலை சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். மதியம் பன்னிரண்டு மணிக்கே போய்விடுங்கள், தாமதித்தால் தீர்ந்துவிடும். காய் இருக்காது என்பதால் வீட்டிலிருந்து ஒரு பொரியலோ அவித்த முட்டையோ கொண்டுபோனால் வயிறு நிறையும்.