அணியில் யார் யாரை நம்புகிறார்கள்? தாளில் வரைந்து பார்க்கும் முறை

தோற்ற அணியைப் பற்றி ஊரே சொல்லும் காரணம் ஒன்றுதான்: "ஒற்றுமை இல்லை". எந்த ஒற்றுமை என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. எங்கள் ஊர்க் கபடி அணிக்கு நான் கையாளும் முறையை இங்கே எழுதுகிறேன். 1930களில் அமெரிக்காவில் ஜேக்கப் மொரேனோ என்ற மனநல மருத்துவர் வகுத்த உறவு வரைபடம்தான் இதற்கு அடிப்படை. கபடி விதிகள் தெரிந்தவர்களுக்காக எழுதுவதால் அவற்றை விளக்கவில்லை.

கையளவு அட்டைகள், பென்சில்கள், இரண்டு பெரிய வெள்ளைத் தாள்கள் போதும். கூகுள் படிவம் அனுப்பலாமே என்பார்கள். வேண்டாம். நான்கு பேர் ஒரே திண்ணையில் உட்கார்ந்து, அடுத்தவர் போனை எட்டிப் பார்த்தபடி நிரப்புவார்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்பது அதைவிட மோசம்.

படி 1: நாள் பார்ப்பது

போட்டிக்கு மறுநாள் கேட்காதீர்கள். வென்ற மறுநாள் எல்லாருக்கும் எல்லாரையும் பிடிக்கும். முல்லன், காப்பர் என்ற இருவர் 1994இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒற்றுமையால் ஆட்டம் சிறப்பதைவிட, நன்றாக ஆடியதால் ஒற்றுமை வளர்வதே வலுவாகத் தெரிந்தது. ஆகவே போட்டி இல்லாத வாரமாகப் பார்த்து, பயிற்சி தொடங்கும் முன் கேளுங்கள்.

படி 2: கேள்வி

வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். "அணியில் உனக்குப் பிடித்தவர் யார்?" என்று கேட்டால் நண்பர்கள் பட்டியல்தான் கிடைக்கும். அதை வைத்து ஆட்டத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. 1985இல் ஆல்பர்ட் கேரனும் அவருடைய சகாக்களும் விளையாட்டு அணிகளுக்காக 18 கூற்றுகள் கொண்ட வினாத்தாள் ஒன்றை உருவாக்கினார்கள். அதில் ஆட்டம் சார்ந்த பிணைப்பையும் பழக்கம் சார்ந்த பிணைப்பையும் தனித்தனியாக அளந்தார்கள். நாமும் அப்படியே இரண்டு அட்டை கொடுக்க வேண்டும்.

முதல் அட்டை: "ஒரு புள்ளி முன்னிலை. கடைசி நிமிடம். எதிரணியின் சிறந்த ஆட்டக்காரர் பாடி வருகிறார். நீ காலைப் பிடித்தால், உடனே வந்து விழுவார் என்று யாரை நம்புவாய்?" இரண்டு பெயர்கள்.

இரண்டாம் அட்டை: "வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார விரும்புவாய்?" இதற்கும் இரண்டு பெயர்கள்.

கேள்வியில் காட்சி இருக்க வேண்டும். "நம்பிக்கை", "ஒத்துழைப்பு" போன்ற சொற்களைப் போட்டால் பையன்கள் மேடைப் பேச்சுக்குரிய பதிலைத் தருவார்கள். கார்னரில் நிற்பவருக்கோ, கணுக்காலைப் பிடித்த பிறகு பக்கத்து ஆள் வராவிட்டால் என்ன ஆகும் என்பது உடம்பிலேயே தெரியும். "யார் வேண்டாம்?" என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். அட்டையை எவ்வளவு மறைத்தாலும் அந்தப் பதில் வெளியே கசியும்.

படி 3: வரைவது

ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம், தேர்ந்தெடுத்தவரிடமிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு ஓர் அம்பு. அதிக அம்புகள் வாங்கியவரை நடுவில் வையுங்கள், கோடுகள் சிக்காது. ஒரு கேள்விக்கு ஒரு தாள்.

படி 4: படிப்பது

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பஸ் தாள் இரண்டு மூன்று கூட்டங்களாகப் பிரிந்து கிடக்கும். ஊர் அணிகளில் அந்தப் பிரிவு எந்தெந்தத் தெருவின் வழியாகப் போகும் என்று உங்களுக்கே தெரியும். ஆட்டத் தாளில் அம்புகள் அந்தக் கோட்டைத் தாண்டுகின்றனவா? அதுதான் கேள்வி. தாண்டினால், ஆட்டத்துக்காகப் பதற வேண்டியதில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் எட்டுப் பேர் துடுப்புப் படகுப் போட்டியில் தங்கம் வென்ற ஜெர்மனி அணியில் இருந்தவர் ஹான்ஸ் லெங்க். பின்னாளில் தத்துவப் பேராசிரியரான அவர், உட்பூசல் இருந்தும் உச்சத்தில் துடுப்புப் போட்ட அணிகளைப் பற்றி 1969இல் எழுதினார்.

தாண்டாவிட்டால் அடுத்த படி. இந்த இடத்தில் சுற்றுலா, விருந்து என்று கிளம்பும் பயிற்சியாளர்கள் பஸ் தாளுக்கு மருந்து கொடுக்கிறார்கள். நோய் மற்ற தாளில் இருக்கிறது.

படி 5: செய்வது

ஆட்டத் தாளில் தங்களுக்குள் அம்பு இல்லாத இரண்டு பேரைப் பக்கத்துப் பக்கத்து இடத்தில் நிறுத்தி, பிடிப் பயிற்சி கொடுங்கள். பிடித்தவரின் பெயரோடு, துணைக்கு வந்து விழுந்தவரின் பெயரையும் ஸ்கோர் நோட்டில் எழுதுங்கள். பிரெஞ்சுக்காரரான ரிங்கல்மன் கயிறு இழுக்க வைத்து அளந்து, 1913இல் வெளியிட்ட கணக்கு இதற்கு உதவும்: எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தலைக்குக் கிடைத்த விசை தனியாக இழுத்ததில் ஏறக்குறையப் பாதிதான். ஒரே நேரத்தில் இழுக்காதது ஒரு காரணம். தன் பங்கு தனியாகத் தெரியாதபோது முயற்சியே குறைகிறது என்பது இன்னொரு காரணம். பிற்கால ஆய்வுகள் இதை உறுதி செய்தன. நோட்டில் பெயர் ஏறும் என்று தெரிந்தால் இரண்டாவது ஆள் ஓடி வருவார்.

பின்சேர்க்கை: கருத்துப் பகுதியில் வந்த கேள்விகளுக்கு.

கேப்டனுக்கு ஒரு அம்புகூட வரவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். உடனே பதவியைப் பறிக்காதீர்கள். பாடிப் போவதில் மட்டும் சிறந்தவர் என்றால், பிடி பற்றிய கேள்வியில் அவர் பெயர் வராதது இயல்பு. பாடிப் போவதற்கும் ஒரு கேள்வி அமைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அண்ணன் தம்பி ஒரே அணியில் இருந்தால் அவர்களுக்கிடையே உள்ள அம்புகளை வேறு நிறத்தில் போடுங்கள். கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கேரனின் வினாத்தாளையே கொடுத்தால் என்ன என்பது இன்னொரு கேள்வி. கொடுக்கலாம். அது பிணைப்பு எவ்வளவு என்று எண்ணில் சொல்லும்; யாருக்கும் யாருக்கும் இடையில் அறுந்திருக்கிறது என்று சொல்லாது. பன்னிரண்டு பேர் கொண்ட அணிக்கு இரண்டாவதுதான் தேவை.

படங்களைக் கேப்டனிடம்கூடக் காட்டாதீர்கள். குறிப்பு எடுத்ததும் அட்டைகளைக் கிழித்துவிடுங்கள்.