அக்காவுக்கு 13 வயது, தம்பிக்கு 13 நாள்

பத்து வயதுக்கு மேல் இடைவெளி உள்ள இரு பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கு முதல் வேலை, இளையது பிறப்பதற்கு வெகு முன்பே வந்துவிடுகிறது. கருவுற்ற செய்தியை மூத்த பிள்ளையிடம் சொல்வதே அந்த வேலை. கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர்களுக்காக வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில், ஒரு வீட்டில் இருமினால் நான்காம் வீட்டில் கஷாயம் கொதிக்கும். நான் நல்ல நேரம் பார்த்துக் காத்திருந்தபோது, கொழுந்து நிறுக்கும் இடத்தில் கேள்விப்பட்ட பக்கத்து வீட்டு அக்கா என் மகளிடம் சொல்லிவிட்டார். அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

ஆகவே தாயும் தந்தையும் சேர்ந்து உட்கார்ந்து, வேறு யாரும் இல்லாத நேரத்தில், நேரடியாகச் சொல்லிவிட வேண்டும். "உனக்குத் துணைக்காகத்தான்" என்று சொல்லக் கூடாது. 13 வயதில் அவள் துணை கேட்கவில்லை என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். குழந்தை எப்படி உண்டாகிறது என்பதை ஏற்கெனவே அறிந்துவிட்ட வயது அது. பள்ளியில் தோழிகள் கேலி செய்வார்களே என்ற கூச்சத்தை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளாமல், மகிழ்ச்சியை உடனே எதிர்பார்க்காமல், சில வாரங்கள் விட்டுவிடுவது நல்லது.

குழந்தை பிறந்ததும் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் மூத்தவளிடம் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: "இனிமே நீதான் இவனுக்கு ரெண்டாவது அம்மா." வாழ்த்துப் போலத் தோன்றும் இந்தச் சொல்லை அப்போதே சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். அவள் அக்கா, அது போதும். உதவி வேறு, பொறுப்பு வேறு. குளிப்பாட்டுவதும் இரவில் விழித்திருப்பதும் மருந்து கொடுப்பதும் பெற்றோரின் பொறுப்பு. மாலையில் அரை மணி நேரம் தூக்கி வைத்துக்கொள்வது, கதை சொல்வது, உடை மாற்றுவது ஆகியவற்றில் எது தனக்குப் பிடித்தது என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும். மூத்தது பையனாக இருந்தால் யாரும் அவனை இரண்டாவது அப்பா என்று சொல்வதில்லை. அவனுக்கும் துணி மடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மூத்த பெண்ணின் படிப்பு தடைப்படுவது பெரும்பாலும் தாய் வேலைக்குத் திரும்பும் வாரத்தில்தான். முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சட்டப்படி 26 வாரப் பேறுகால விடுப்பு உண்டு. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன் எடுத்துக்கொள்ளலாம். விடுப்பு முடியும் நாளை நாட்காட்டியில் குறித்து, அதற்கு ஒரு மாதம் முன்பே தோட்டத்துக் காப்பகமா, பாட்டியா, கணவரின் வேலை நேரத்தை மாற்றுவதா என்று முடிவு செய்துவிட வேண்டும். அங்கன்வாடி இரண்டு வயதுக்குப் பிறகுதான் கைகொடுக்கும். "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் லீவு போடும்மா" என்று தொடங்குவது ஒரு நாளோடு நிற்காது.

மலை வீட்டுக்கென்று தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் வீட்டில் சூடான அறை ஒன்றுதான். அழும் குழந்தையும் அதில்தான், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும் அதில்தான். எங்கள் வீட்டில் இரவுச் சமையலைச் சீக்கிரம் முடித்து, வெப்பம் தங்கியிருக்கும் சமையலறையை அவளுக்குப் படிப்பறையாகக் கொடுத்தோம். சட்டியில் கரிக் கங்கு போட்டு, கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு தூங்குவதை மட்டும் எந்தக் குளிரிலும் செய்யாதீர்கள்; அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, அது தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். மழை மாதங்களில் குழந்தைத் துணி காயாதபோது கொடியில் முதல் இடம் பள்ளிச் சீருடைக்கே என்று முடிவு செய்தோம். அது சின்ன விஷயம்தான். ஆனால் அவள் அதைக் கவனித்தாள்.

காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்ளும் வயதில் மூத்த பிள்ளை இருப்பது இந்த இடைவெளியின் பெரிய வசதி. மலைத்தேன் எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும் ஒரு வயது நிறையும் வரை நாக்கில் தடவக் கூடாது, அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் பச்சிளம் குடலில் நஞ்சை உண்டாக்கும் என்று என் மகளுக்குச் சொன்னேன். பிறகு பாட்டியின் கையைத் தடுத்தவள் அவளே. அழுகை நிற்காவிட்டால் குழந்தையை ஒருபோதும் குலுக்கக் கூடாது, பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டுப் பெரியவர்களைக் கூப்பிடலாம், அது தோல்வி அல்ல என்பதையும் சொல்லி வையுங்கள். அவளுடைய காம்பஸ், ஷார்ப்னர், பொத்தான் பேட்டரி எல்லாம் தவழும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் பூட்டுள்ள இடத்தில் இருக்கட்டும். அந்தப் பூட்டின் சாவி அவளிடமே இருக்க வேண்டும், ஏனென்றால் அது அவளுடைய இடமும்கூட.

இரண்டு வயதுத் தம்பி நோட்டைக் கிழித்தால், "நீ பெரியவள், விட்டுக்கொடு" என்பதுதான் நம் வாயில் முதலில் வரும். அதை விழுங்கிவிட்டு, நோட்டு அக்காவுடையது என்று அவனிடமே சொல்லி, அவன் கையிலிருந்து வாங்கித் தர வேண்டும். "எனக்கு இதுக்கெல்லாம் அடி விழும், இவனுக்கு ஒண்ணுமில்ல" என்று அவள் குறைப்பட்டால் மறுக்காதீர்கள். உண்மைதான், நாற்பதைத் தொடும்போது நமக்குக் கண்டிக்கவும் தெம்பில்லை, அனுபவமும் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆமாம் என்று நான் ஒப்புக்கொண்ட அன்று அவள் வாதத்தை நிறுத்திவிட்டாள். மாதம் ஒரு முறையாவது குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு, அவளை மட்டும் அழைத்துக்கொண்டு குன்னூருக்கோ சந்தைக்கோ போய் வாருங்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அவள் தானாகப் பேசத் தொடங்குவாள்.

தம்பி பேசிப் பழகி அவளோடு ஒட்டிக்கொள்ளும் வயதில் அவள் கல்லூரிக்கென்று கோயம்புத்தூர் இறங்கிவிடுவாள். புறப்படும் நாளை அவனிடம் மறைக்காமல், விடுதியையும் அவள் கட்டிலையும் ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். விடுமுறைக்கு வருபவளிடம் அவன் முதல் ஒரு மணி நேரம் போக மாட்டான், கதவுக்குப் பின்னால் நிற்பான். "அக்காகிட்ட போ" என்று தள்ளாதீர்கள். அவள் பையைத் திறந்து துணிகளை எடுத்து வைக்கத் தொடங்கினால் போதும். என் மகன் மெல்ல வந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறான்.