படித்து முடித்தவர்கள் எங்கே போனார்கள்? மாணவர் சர்வேயை முதல்முறையாக நடத்துபவர்களுக்கு

கல்லூரியிலோ, வயது வந்தோருக்கான பயிற்சி மையத்திலோ வேலை பார்க்கிறீர்கள். "நம்மிடம் படித்தவர்களுக்குப் படிப்பு எப்படி இருந்தது, முடித்த பிறகு என்ன ஆனார்கள் என்று ஒரு சர்வே எடுங்கள்" என்று பொறுப்பை உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். கூகுள் ஃபார்ம்ஸை உடனே திறக்க வேண்டாம். ஃபார்ம் தயாரிக்க ஒரு மாலைப்பொழுது போதும். யாரைக் கேட்பது, எப்போது கேட்பது, பதில் சொல்லாதவர்களை எப்படித் தேடிப் பிடிப்பது, இந்த மூன்றில்தான் உழைப்பு அவ்வளவும் போகும்.

படி 1: எதை மாற்றப் போகிறோம் என்று எழுதுங்கள்

மாலை வகுப்பின் நேரத்தை மாற்றலாமா, செய்முறை வகுப்பைக் கூட்டலாமா, வேலைவாய்ப்பு உதவியை யாருக்குக் கூடுதலாகத் தருவது என்று, இந்த ஆண்டு எடுக்க வேண்டிய முடிவுகளை ஒரு தாளில் எழுதுங்கள். சர்வேயில் வரும் ஒவ்வொரு கேள்வியும் இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு உதவ வேண்டும். என்ன பதில் வந்தாலும் நாம் எதையும் மாற்றப் போவதில்லை என்றால் அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள். பதில் சொல்பவரின் நேரமும் மதிப்புள்ளது.

படி 2: பட்டியலைச் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து எடுங்கள்

தேர்ச்சி பெற்றவர்களின் பட்டியலை வைத்துத் தொடங்குவது வழக்கம். அது வேண்டாம். பாதியில் நின்றவர்கள் அதில் இருக்க மாட்டார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் நின்றவர், ஷிப்ட் மாறியதால் வர முடியாமல் போனவர், பாடம் புரியாமல் சொல்லாமல் கொள்ளாமல் விலகியவர், இவர்களிடம்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. அதனால் சேர்ந்த எல்லோரும் பட்டியலில் இருக்கட்டும்.

இன்னொன்று: கல்லூரி தந்த மின்னஞ்சல் முகவரியைப் படிப்பு முடிந்ததும் மாணவர்கள் பெரும்பாலும் திறந்தே பார்க்க மாட்டார்கள். சேரும்போதே சொந்த மின்னஞ்சல், கைபேசி எண், எண் மாறினால் தொடர்புகொள்ள ஒரு உறவினரின் எண் ஆகியவற்றை அனுமதியோடு வாங்கி வையுங்கள். கடைசி வாரத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

படி 3: ஒன்றல்ல, இரண்டு சர்வே

அனுபவத்தை, அது மனதில் பசுமையாக இருக்கும்போதே கேட்க வேண்டும். படிப்பு முடியும் தறுவாயில், தேர்வு முடிவு வருவதற்கு முன் கேளுங்கள். மதிப்பெண் தெரிந்த பிறகு கேட்டால் அந்த மகிழ்ச்சியோ வருத்தமோ பதிலில் கலந்துவிடும். பாதியில் நின்றவர்களை ஆண்டு முடியும்வரை காத்திருக்க வைக்காமல், நின்ற சில வாரங்களுக்குள் கேட்டுவிடுங்கள்.

பிறகு எங்கே போனார்கள் என்பது தனி சர்வே. எத்தனை மாதம் கழித்துக் கேட்பது என்பதில் நாட்டுக்கு நாடு வழக்கம் மாறுகிறது. ஆஸ்திரேலியாவின் பட்டதாரி சர்வே சுமார் 4 மாதத்தில் கேட்கிறது. பிரிட்டனில் பட்டதாரிகளை முன்பு சுமார் 6 மாதத்தில் கேட்டார்கள். அதற்குப் பதிலாக வந்த புதிய சர்வே சுமார் 15 மாதம் கழித்துக் கேட்கிறது. சீக்கிரம் கேட்டால் ஆட்கள் கிடைப்பார்கள், ஆனால் பலர் இன்னும் வேலை தேடிக்கொண்டிருப்பார்கள். தாமதித்தால் வாழ்க்கை ஓரளவு நிலைபெற்றிருக்கும், ஆனால் எண்கள் மாறியிருக்கும். சிறிய நிறுவனத்துக்கு 6 மாதம் நல்ல நடுவழி என்பேன். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஆண்டுதோறும் அதையே வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒரு ஆண்டை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. இரண்டு சர்வேயையும் சேர்க்கை எண்ணால் இணையுங்கள்.

படி 4: கேள்விகளை எழுதுங்கள்

"ஆசிரியர் தெளிவாகவும் பொறுமையாகவும் நடத்தினாரா?" இது ஒரு கேள்வி போலத் தெரியும், உண்மையில் இரண்டு. தெளிவாக நடத்தி எரிந்து விழுந்த ஆசிரியருக்கு மாணவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? இரண்டாகப் பிரியுங்கள். "எங்கள் சிறந்த ஆய்வகம் உங்களுக்கு எவ்வளவு உதவியது?" என்பதில் பதிலை நாமே எடுத்துக்கொடுத்துவிட்டோம். "சிறந்த" போகட்டும்.

"முற்றிலும் உடன்படுகிறேன்" முதல் "முற்றிலும் மறுக்கிறேன்" வரையான ஐந்து படி அளவுகோல், 1932-இல் அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் முன்வைத்த முறையிலிருந்து வந்தது. பயன்படுத்துங்கள், ஆனால் முழு ஃபார்மையும் அதனால் நிரப்பாதீர்கள். வரிகள் நீண்டுகொண்டே போனால் பலர் ஒரே கட்டத்தை வரிசையாக டிக் செய்துகொண்டே போவார்கள். "கடந்த மாதம் எத்தனை வகுப்புகளைத் தவறவிட்டீர்கள்? காரணம் என்ன?" போன்ற திட்டவட்டமான கேள்வியில் கிடைக்கும் பதில் கையில் பிடிக்கக்கூடியது.

முடித்த சில மாதங்கள் கழித்து எடுக்கும் இரண்டாவது சர்வேயில் "இப்போது வேலையில் இருக்கிறீர்களா? ஆம் / இல்லை" என்று கேட்டால் சிக்கல். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி, குறிப்பிட்ட வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கோ லாபத்துக்கோ உழைத்தாலே வேலையில் இருப்பவர்தான். உங்கள் மாணவரோ பகுதிநேர வேலையை "வேலை இல்லை" என்று எண்ணியிருப்பார். அதனால் "கடந்த வாரம் நீங்கள் செய்தவற்றை எல்லாம் குறியுங்கள்" என்று தொடங்கி, முழுநேர வேலை, பகுதிநேர வேலை, சொந்தத் தொழில், மேற்படிப்பு, வேலை தேடுதல், வீட்டுப் பொறுப்பு, தன்னார்வப் பணி என்று அடுக்குங்கள். அப்புறம் "இவற்றில் முக்கியமானது எது?" என்று ஒன்றைக் கேளுங்கள்.

வயது வந்த மாணவர்களுக்கு இதுவும் போதாது. ஏற்கெனவே வேலையில் இருந்தபடி படிக்க வந்தவர் முடித்த பிறகும் அதே வேலையில் இருப்பார். அவருக்குக் கிடைத்த பலன் பதவி உயர்வாக இருக்கலாம், கணக்கைத் தானே பார்க்கும் துணிச்சலாக இருக்கலாம், மகளின் வீட்டுப்பாடத்துக்கு உதவ முடிவதாகவும் இருக்கலாம். சேரும் நாளிலேயே "எதற்காகப் படிக்க வந்தீர்கள்?" என்று கேட்டு எழுதி வையுங்கள். பிறகு, "அது நடந்ததா?" என்று அவருடைய சொற்களையே திருப்பிக் காட்டிக் கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்காகவே முழு சர்வேயையும் நடத்தலாம்.

சம்பளத்தைக் கடைசியில், தொகை வரம்புகளாக, விருப்பமிருந்தால் மட்டும் சொல்லும்படி கேளுங்கள்.

படி 5: ஐந்து பேரிடம் ஒத்திகை

ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்து, தங்களுக்குப் புரிந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். கைபேசியில் செய்யச் சொல்லுங்கள், ஏனென்றால் பெரும்பாலோர் அதில்தான் நிரப்புவார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனால் வெட்டுங்கள்.

படி 6: உண்மையான வாக்குறுதி கொடுங்கள்

சேர்க்கை எண்ணால் இணைக்கும் சர்வேயைப் "பெயர் தெரியாத சர்வே" என்று சொல்லக்கூடாது. "யார் சொன்னது என்று எங்களுக்குத் தெரியும். உங்கள் ஆசிரியருக்கோ வெளியாருக்கோ காட்ட மாட்டோம்" என்பதே நேர்மை. நிரப்பும்போது ஆசிரியர் அறையில் இருக்க வேண்டாம். மூன்று நான்கு பேர் மட்டும் படித்த பிரிவின் முடிவைத் தனியாக வெளியிடாதீர்கள், யார் என்ன சொன்னார் என்று எளிதில் ஊகித்துவிடலாம். உங்கள் நாட்டின் தனிநபர் தரவுச் சட்டம் என்ன கேட்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: அனுப்புங்கள், தேடிப் போங்கள்

செய்தி சிறியதாக, தெரிந்தவரின் பெயரில் போகட்டும்: "வணக்கம். போன ஆண்டு எங்களிடம் படித்தீர்கள். இப்போது என்ன செய்கிறீர்கள் என்று அறிய ஆறு கேள்விகள், மூன்று நிமிடம். வேலை கிடைக்கவில்லை என்றாலும், படிப்பைப் பாதியில் விட்டிருந்தாலும் உங்கள் பதில் எங்களுக்கு முக்கியம்." அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வெற்றி பெற்றவர்களைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து ஒதுங்குபவர்கள் நிறைய.

ஒரு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல், இன்னும் ஒன்று வேறு நாளில், வேறு நேரத்தில். அதற்கும் பதில் இல்லாதவர்களுக்குப் போன் போடுங்கள். எழுதப் படிக்கச் சிரமப்படுபவர்களுக்கு முதலிலேயே போன்தான். ஆனால் ஒருவரோடு வாய்விட்டுப் பேசும்போது மனிதர்கள் கொஞ்சம் நல்லதாகவே சொல்வார்கள், அதனால் எந்த வழியில் வந்த பதில் என்று குறித்து வையுங்கள்.

படி 8: கணக்கு

120 பேருக்கு அனுப்பினீர்கள், 40 பேர் பதில் சொன்னார்கள், அதில் 36 பேருக்குத் திருப்தி. "90 சதவீதம் பேர் திருப்தி" என்று எழுதக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். பதில் சொல்லாத 80 பேருக்கும் திருப்தி இல்லை என்றால் 120-க்கு 36, அதாவது 30 சதவீதம். 80 பேருக்கும் திருப்தி என்றால் சுமார் 97. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

பதில்கள் குவிந்தாலே சரியாகிவிடும் என்றும் இல்லை. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் யாருக்கு வாக்களிப்பீர்கள் என்று கேட்டு சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்றது இதழ், ஆனால் எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் பெரும் வித்தியாசத்தில் வென்றார். அனுப்பிய பட்டியலும் ஒருபக்கம் சாய்ந்திருந்தது, திருப்பி அனுப்பியவர்களும் ஒருபக்கம் சாய்ந்திருந்தார்கள்.

அதனால் எக்செலில் பதில் சொன்னவர்களையும் மொத்தப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: வயது, பாலினம், பகல் வகுப்பா மாலை வகுப்பா, முடித்தவரா நின்றவரா. பட்டியலில் கால்வாசிப் பேர் நின்றவர்கள், பதில்களில் அவர்கள் ஒருவர்கூட இல்லை என்றால் போனை மறுபடி எடுக்க வேண்டியதுதான். அறிக்கையில் "தகவல் இல்லை" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். எட்டுப் பேர் கொண்ட வகுப்புக்குச் சதவீதம் வேண்டாம், "8-இல் 5 பேர்" என்றே எழுதுங்கள்.

படி 9: பதில் சொன்னவர்களுக்குச் சொல்லுங்கள்

அறிக்கை அலமாரிக்குள் போவதற்கு முன் பதில் சொன்ன எல்லோருக்கும் ஒரு பக்கச் செய்தி அனுப்புங்கள்: என்ன சொன்னீர்கள், எதை மாற்றுகிறோம், எதை மாற்ற முடியவில்லை, ஏன். அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு அனுப்பும் செய்தியிலும் அந்த மாற்றத்தை ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.