மேனர் வீட்டின் வரலாற்றைத் தேட: மகள்களிடமிருந்து தொடங்குங்கள்

இங்கிலாந்தில் ஒரு பழைய மேனர் வீட்டின் (நம் ஊர் ஜமீன் மாளிகை மாதிரி) கதையைத் தேடுகிறவர்கள் நேராக அந்த வீட்டுக்குத்தான் போவார்கள். நானும் அப்படித்தான் போனேன். இப்போது யாராவது கேட்டால், முதலில் அந்த ஊர்த் தேவாலயத்துக்குப் போங்கள் என்பேன்.

டெர்பிஷயரில் இருக்கும் ஹேடன் ஹாலையே எடுத்துக்கொள்வோம். அதன் சொந்தக்காரர்கள் பேக்வெல் தேவாலயத்தில் கல்லறைச் சிலைகளாக இருக்கிறார்கள். சர் ஜார்ஜ் வெர்னன் 1565இல் இறந்தார். மகன் இல்லை, இரண்டு மகள்கள். இளையவள் டாரதி, ஜான் மேனர்ஸை மணந்திருந்தாள். வீடு அவள் கையோடு அந்தக் குடும்பத்துக்குப் போனது. (மேனர்ஸ் என்பது குடும்பப் பெயர். மேனருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நானும் முதலில் குழம்பினேன்.) அதற்கு முன்னால் வெர்னன்களுக்கு அந்த வீடு வந்ததும் ஒரு பெண் வழியாகத்தான். ஆகவே ஆண்வாரிசுப் பட்டியலை மட்டும் பிடித்துக்கொண்டு போனால், குடும்பப் பெயர் மாறும் இடத்தில் நூல் அறுந்துவிடும். அங்கே ஒரு கல்யாணத்தைத் தேடுங்கள்.

டாரதி நடன இரவில் படியிறங்கிக் காதலனோடு ஓடிப்போனாள் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது 19ஆம் நூற்றாண்டில் பரவிய கதை. ஓடிப்போனவளுக்கே வீடும் வந்து சேர்ந்திருக்கிறதே, அப்பாவுக்கு அவ்வளவு கோபமா என்ன?

சரி, அடுத்தது காகிதங்கள். மேனர் என்றால் வீடு மட்டும் அல்ல. கிட்டத்தட்ட ஜமீன் மாதிரி, நிலமும் குடியானவர்களும் ஒரு நீதிமன்றமும் சேர்ந்தது. அந்த நீதிமன்றச் சுருள்கள் (சுருட்டி வைத்த நடவடிக்கைக் குறிப்புகள்) எங்கே இருக்கின்றன என்பதை, பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தின் மேனர் ஆவணப் பதிவேட்டில் இணையத்திலேயே தேடலாம். 1733 வரை பெரும்பாலும் லத்தீன்தான். மிரள வேண்டாம், ஒரே மாதிரி வாசகங்கள்தான் திரும்பத் திரும்ப வரும்.

தேதியில்தான் நான் வசமாக மாட்டினேன். 1752க்கு முன்பு அங்கே சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். '1702 பிப்ரவரி' என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1703. இது தெரியாமல், ஒருவர் செத்து எட்டு மாதம் கழித்து உயில் எழுதியதாக நான் குறித்து வைத்திருந்தேன்.

வீடு எவ்வளவு பெரியது என்று அறிய அடுப்பு வரிப் பட்டியல் உதவும். 1662 முதல் 1689 வரை, கணப்பு (குளிர்காயும் அடுப்பு) ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங். வீட்டுக்காரர் பெயருக்கு எதிரே கணப்புகளின் எண்ணிக்கை இருக்கும்.

இதெல்லாம் முடிந்த அப்புறம் வீட்டுக்குள் போங்கள். ஹேடனின் நீண்ட கூடத்தில் மரச்சுவரை நிமிர்ந்து பாருங்கள். காட்டுப்பன்றித் தலை வெர்னன்களின் சின்னம், மயில் மேனர்ஸ்களின் சின்னம். இரண்டும் அடுத்தடுத்து இருந்தால், அந்த மரத்தைச் செதுக்கியது டாரதியின் கல்யாணத்துக்குப் பிறகுதான்.