கடலழுத்தக் கணக்கு: பையன்கள் நோட்டில் என் பழைய தவறுகள்

கீழக்கரையில் ஸ்கூபா பழக வரும் பையன்களுக்கு அழுத்தக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். போன வாரம் ஒருவனின் நோட்டைப் பார்த்தால், நான் புதிதாக வந்தபோது போட்ட அதே தப்புக் கணக்கு. பெருக்கல் பிழை, அலகு மாற்ற மறப்பது எல்லாம் இரண்டு திட்டு வாங்கினால் போய்விடும், அவற்றை விடுகிறேன்.

மேலே இருக்கும் காற்றை விட்டுவிடுவது

கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் சுமார் 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) கூடும். உடனே 20 மீட்டருக்கு 2 பார் என்று எழுதிவிடுகிறார்கள். அது தண்ணீரின் பங்கு மட்டும். அதற்கு மேலே நிற்கும் காற்றும் 1 பார் அழுத்துகிறது. ஆக, 3 பார்.

இந்த அலட்சியம் எங்கிருந்து வருகிறது என்றும் தெரியும். எல்லாரும் ஆட்களை ஏற்றிச் செல்லும் நம் நாட்டு ஆழ்கடல் கலமான ‘மத்ஸ்யா 6000’ இறங்கப்போகும் 6000 மீட்டரை வைத்துத்தான் கணக்குப் பழகுகிறார்கள். அங்கே 600 பாருக்கு மேல். ஒரு பார் விட்டால் குடிமுழுகாது. மன்னார் வளைகுடாவின் 20 மீட்டரில் அந்த ஒரு பார் மூன்றில் ஒரு பங்கு.

நான் பட்டதைச் சொல்கிறேன். 12 லிட்டர் சிலிண்டர், 200 பார்: 2400 லிட்டர் காற்று. அவசரத்துக்கு 600 ஒதுக்கினால் மீதி 1800. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவன் நான். அழுத்தம் எத்தனை மடங்கோ அத்தனை மடங்கு காற்று செலவாகும். 20 மீட்டரில் இரண்டு மடங்கு, 40 லிட்டர் என்று போட்டு, 45 நிமிடம் தாங்கும் என்று இறங்கிவிட்டேன். உண்மையில் மூன்று மடங்கு, 60 லிட்டர். 30 நிமிடத்தில் ஏறியிருக்க வேண்டும். 35-வது நிமிடம் கேஜைப் பார்த்தால் முள் 25 பாரில் நிற்கிறது! ஏறுவதற்குள் மூச்சு முட்டியதைவிட, படகில் இருந்த சங்கு குளிக்கும் அண்ணன் கேட்டதுதான் இன்னும் உறுத்துகிறது: “என்ன தம்பி, அதுக்குள்ள காத்து தீந்துருச்சா?”

பாகத்தை மீட்டராக எடுத்துக்கொள்வது

கடலில் ஆழம் சொல்லும் அளவான பாகம் ஒன்று 6 அடி. படகுக்காரர் 10 பாகம் என்றால் 18 மீட்டர்.

நல்ல தண்ணீர் அடர்த்தியைப் போடுவது

கடல்நீருக்குக் கன மீட்டருக்கு 1000 கிலோ அல்ல, 1025. நம் ஆழத்துக்குப் பெரிதாகத் தெரியாது. 6000 மீட்டரில் 15 பார் வரை பிசகும்.

நீர் சுருங்காது என்று நம்புவது

பள்ளிப் பாடத்துக்குச் சரி. 1025-ஐ அடிவரை மாற்றாமல் பெருக்கினால் 6000 மீட்டரில் 603 பார் வரும். மேலே உள்ள பாரத்தில் கீழ்நீர் சற்று நெருங்கிவிடுவதால் நிஜத்தில் ஏறக்குறைய 10 பார் கூடுதல். ஆழ்கடல் கருவி செய்கிறவர்களுக்கு இது வேண்டும். நம் பையன்கள் முதலில் அந்த ஒரு பாரைக் கூட்டட்டும்.