ஃபோர்மேன், சேர்மன், ஹெட்மாஸ்டர்: ஆங்கிலப் பதவிப் பெயர்களை இருபாலருக்கும் பொதுவாக மாற்றுவது எப்படி?

ஆம்பூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கத்து ஷூ கம்பெனிகளில் ஸ்டிச்சிங் லைனில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்த லைனைக் கவனிக்க ஆள் தேவை என்று விளம்பரம் போடும்போது 'ஃபோர்மேன்' என்று எழுதினால், மெஷின் வேலையை அக்குவேறு ஆணிவேறாக அறிந்த பெண் அது ஆண்களுக்கான இடம் என்று ஒதுங்கிவிடக்கூடும். ஆள் எடுப்பதில் பாலினப் பாகுபாடு கூடாது என்று 2019 ஊதியச் சட்டத் தொகுப்பின் 3-ம் பிரிவும் சொல்கிறது. பதவிப் பெயரைச் சரிசெய்ய ஒரு காசு செலவில்லை. ஆனால் முறையாகச் செய்யாவிட்டால் சம்பள கிரேடு வரைக்கும் குழப்பம் வரும்.

முதலில் பெயர்கள் எங்கெல்லாம் இருக்கின்றன என்று திரட்டுங்கள்: நியமன உத்தரவு, ஐடி கார்டு, ஷிப்ட் ரிப்போர்ட், கேபின் பலகை, மெயில் கையெழுத்து, விசிட்டிங் கார்டு. கம்ப்யூட்டரில் 'மேன்', 'மாஸ்டர்', 'மிஸ்ட்ரஸ்', 'லேடி' என்று ஆங்கில எழுத்தில் தேடினால் பெரும்பாலானவை சிக்கும். 'மேனேஜர்' என்ற சொல்லும் கூடவே வந்து நிற்கும், அதைத் தொடாதீர்கள். அதன் வேர் கை என்று பொருள்படும் லத்தீன் சொல், ஆணைக் குறிப்பதல்ல. தேடிய இடமெல்லாம் ஒரே சொடுக்கில் மாற்றும் வசதியை இதனால்தான் பயன்படுத்தக் கூடாது.

அதிகம் தடுக்குவது ஃபோர்மேனில்தான். 'சூப்பர்வைசர்' என்று மாற்றினால் முடிந்தது என்று நினைப்பார்கள். ஆனால் பல இடங்களில் சூப்பர்வைசர் என்பது ஏற்கெனவே ஃபோர்மேனுக்குக் கீழே உள்ள வேறு பதவி. இருவருக்கும் ஒரே பெயர் வைத்தால் யார் யாரிடம் ரிப்போர்ட் செய்வது என்று தெரியாது, மேலே இருப்பவருக்குப் பதவி இறங்கியதுபோல் ஆகும். எனவே ஆள் செய்கிற வேலையைப் பார்த்துப் பெயர் வையுங்கள். ஒரு லைன் மட்டும் பார்த்தால் 'லைன் சூப்பர்வைசர்', கட்டிங் அல்லது லாஸ்டிங் (ஷூவின் மேல்பகுதியை அச்சில் ஏற்றி வடிவம் கொடுப்பது) பிரிவு முழுவதும் பார்த்தால் 'செக்ஷன் ஹெட்', பல சூப்பர்வைசர்களுக்கு மேல் இருந்தால் 'சீனியர் சூப்பர்வைசர்'. கட்டிங் மாஸ்டருக்கும் இதே கணக்கு: பேட்டர்ன் வரைபவர் 'பேட்டர்ன் மேக்கர்', மேசையில் ஆட்களை நடத்துபவர் 'கட்டிங் சூப்பர்வைசர்'.

சேர்மனுக்கு 'சேர்பர்சன்' அல்லது வெறும் 'சேர்'. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 203-ம் பிரிவே சேர்பர்சன் என்றுதான் எழுதுகிறது. இங்கே பரவலாக நடக்கிற தவறு, பெண் வந்தால் சேர்பர்சன், ஆண் வந்தால் சேர்மன் என்று எழுதுவது. அப்படிச் செய்தால் சேர்பர்சன் என்பதே பெண்ணைக் குறிக்கும் சொல்லாகிவிடும், மாற்றியதற்கு அர்த்தமே இல்லாமல் போகும். யார் அந்த நாற்காலியில் இருந்தாலும் பெயர் ஒன்றே. சட்டம் ஒரு பதவிக்குப் பெயர் வைத்திருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள் குழுவின் தலைவருக்கு, 2013-ம் ஆண்டுச் சட்டப்படி 'பிரிசைடிங் ஆபீசர்' என்றே பெயர்.

தனியார் பள்ளிகள் ஹெட்மாஸ்டர், ஹெட்மிஸ்ட்ரஸ் இரண்டையும் விட்டு 'ஹெட் டீச்சர்' என்றோ, பதவி அதுவானால் 'பிரின்சிபல்' என்றோ போடலாம். மருத்துவமனை வார்டில் 'சிஸ்டர் இன்சார்ஜ்' என்று அச்சடித்த பலகைக்குக் கீழே ஆண் செவிலியர் உட்கார்ந்திருப்பது அவருக்கும் நியாயமில்லை, 'சார்ஜ் நர்ஸ்' சரியாக இருக்கும். மேட்ரனுக்கு 'நர்சிங் சூப்பரின்டென்டென்ட்'. 'லேடி சூப்பர்வைசர்' என்பதில் லேடியை எடுத்துவிடுங்கள், வேறெதுவும் வேண்டாம்.

பெயரை மாற்றிவிட்டு உள்ளே 'ஹி ஷல் ரிப்போர்ட்' என்று விட்டுவைத்தால் பாதி வேலைதான் முடிந்தது. விளம்பரத்தில் 'யூ' என்று நேரடியாக விண்ணப்பதாரரிடம் பேசுவதே எளிது. விதிமுறைகளில் பதவிப் பெயரையே திரும்ப எழுதலாம், அல்லது 'தே' போடலாம். தே போட்டால் வினையும் பன்மையில் வர வேண்டும்: 'தே ரிப்போர்ட்', 'தே ரிப்போர்ட்ஸ்' அல்ல. 'ஹிஸ் டீம்' என்பதை 'தி டீம்' ஆக்குங்கள். ஷிப்ட் ரிப்போர்ட்டில் மேன்பவர் 'ஒர்க்ஃபோர்ஸ்' ஆகும், மேன்-டே 'பெர்சன்-டே' ஆகும். நூறு நாள் வேலைத் திட்டத்தின் கணக்கு பெர்சன்-டேயில்தான் போடப்பட்டது. 'டியர் சார்' இடத்தில் 'டியர் ஹையரிங் மேனேஜர்'.

கடைசியாக, மாற்றம் எந்தத் தேதியிலிருந்து என்று ஒரு சர்க்குலர் போடுங்கள். சம்பளம், கிரேடு, சீனியாரிட்டி எதுவும் மாறாது என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும், இல்லாவிட்டால் தொழிலாளர்கள் சந்தேகப்படுவது இயல்பு. பழைய நியமன உத்தரவுகளைத் திருத்தாதீர்கள். அனுபவச் சான்றிதழ் கேட்டு வருபவருக்குப் புதிய பெயரோடு 'முன்பு ஃபோர்மேன் என்று அழைக்கப்பட்ட பதவி' என்றும் சேர்த்து எழுதிக் கொடுத்தால், அடுத்த கம்பெனியில் பழைய பே ஸ்லிப்பை ஒப்பிடும்போது அவருக்குச் சிக்கல் வராது.